பிள்ளையாருடன் கல்வராயன் மலைக்கு

எங்கள் லாரியில் ஒரு பிள்ளையார் இருக்கிறார் என்பது, மணியண்ணன் அவரை வைத்து இஞ்சி தட்டிய அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

சிங்கப்பூரில் நான் கேட்டரிங் நடத்துகிறேன். கல்யாணமோ காதுகுத்தோ, சாப்பாடு எங்களுடையது. மணியண்ணன் தலைமைச் சமையல்காரர். லாரி ஓட்டுவது கோவிந்தராஜ். கள்ளக்குறிச்சிப் பக்கம் கல்வராயன் மலையில் பிறந்தவன், வாயில்லாப் பூச்சி. லாரியின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு கறுப்புக் கல்லை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருப்பான். அன்று வெள்ளிக்கிழமை. அதைக் கழுவிப் பொட்டு வைக்க உள்ளே கொண்டு வந்தவன், போன் வந்ததென்று வெளியே போய்விட்டான். கல் உள்ளங்கைக்கு அடக்கமாக, வழவழவென்று இருந்தது. ஒரு முனை குறுகலாகவும் மறுமுனை தட்டையாக, கூராகவும் இருந்தன. மணியண்ணனுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அம்மியை விட இது தேவலை என்று இஞ்சியை நங்கு நங்கென்று தட்ட ஆரம்பித்தார்.

திரும்பி வந்த கோவிந்தராஜ் போட்ட கூச்சல் பக்கத்துக் கடை வரை கேட்டது.

“அக்கா, அது புள்ளையாரு!”

அழுதுகொண்டே அவன் சொன்ன கதை இது. அவர்கள் மலையில் நிலத்தைக் கொத்தும்போது இப்படி வழவழப்பான கல் கிடைத்தால் அது பிள்ளையார். கண்டெடுத்தவர் அதைக் கொண்டுபோய் ஊர் மரத்தடியில் மற்றப் பிள்ளையார்களோடு வைத்துவிட வேண்டும். கோவிந்தராஜின் அப்பாவுக்கு மரவள்ளிக்கிழங்கு தோண்டும்போது இந்தக் கல் கிடைத்திருக்கிறது. மறுநாள் மகன் சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறான். பிள்ளைப் பாசம் கண்ணை மறைக்க, மரத்தடிக்குப் போக வேண்டிய சாமியை மகன் பையில் போட்டுவிட்டார். அது இப்போது ஊருக்குத் தெரிந்துபோயிற்று.

தெரிந்ததில் கல்யாணம் நின்றுவிட்டது. கோவிந்தராஜுக்குப் பேசி வைத்த பெண் மல்லிகா. அவளுடைய தாய்மாமன் பெரியண்ணன்தான் அந்த மரத்தடியில் பூசை செய்கிறவர். ஊர்ச் சாமியை ஊரை விட்டு அனுப்பிய வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். தை மாதம் முடிவதற்குள் பிள்ளையார் வந்து மரத்தடியில் உட்கார்ந்தால் தேதி குறிப்பார், இல்லையென்றால் வேறு மாப்பிள்ளை பார்ப்பார்.

“கூரியரில் அனுப்பிவிடு” என்றேன்.

“சாமிய பார்சல் போடக்கூடாதுக்கா. ஆளு எடுத்தாரணும்.”

அவனுக்கு லீவு கிடைத்தால் கல்யாணத்துக்கு ஒரு முறை போகலாம். கல்லுக்கு ஒரு முறை, கல்யாணத்துக்கு ஒரு முறை என்று போக முடியாது. எனக்கோ தை மாதம் திருவண்ணாமலையில் சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசம் இருந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் பிறவியிலேயே வந்த குணம். நானே கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

கோவிந்தராஜ் அன்றுதான் அதிகம் பேசினான். சாமியைத் தரையில் வைக்கக் கூடாது. செருப்போடு ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. சாமி கூட இருக்கும்வரை கறி, மீன் சாப்பிடக் கூடாது. கடைசி நிபந்தனையைக் கேட்டதும் என் முகம் மாறியதை அவன் கவனிக்கவில்லை. ஊருக்குப் போனால் மட்டன் பிரியாணிதான் என்று நான் மாதக்கணக்காக நாக்கைத் தீட்டி வைத்திருந்தேன்.

முதல் தகராறு சிங்கப்பூர் விமான நிலையத்திலேயே வந்தது. என் கைப்பையை எக்ஸ்ரேயில் பார்த்த மலாய் அதிகாரி அம்மா மிக மரியாதையாகக் கேட்டார்: “அம்மா, உங்கள் பையில் கோடரி இருக்கிறதா?”

“இல்லை. கடவுள் இருக்கிறார்.”

துணியைப் பிரித்துப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். கூரான முனையையும் பார்த்தார். “கடவுளை நான் மதிக்கிறேன். ஆனால் இவர் உங்களோடு உட்கார்ந்து வர முடியாது” என்றார். மறுபடி வெளியே ஓடி, ஒரு அட்டைப்பெட்டி வாங்கி, அதில் அவரை மட்டும் வைத்துச் சரக்கோடு அனுப்பினேன். கவுண்டரில் இருந்த பெண் கேட்காமலே ‘உடையும் பொருள்’ என்று ஸ்டிக்கர் ஒட்டினாள். கல் எப்படி உடையும் என்று நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

சென்னையில் சுங்க அதிகாரி பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன். அவர் பக்கத்திலிருந்தவரிடம், “சார், சாமிய வெளிய கொண்டு போறவங்கள புடிக்கத்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. உள்ள கொண்டு வந்தா இன்னா பண்றது?” என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, போகச் சொல்லுங்க என்றார்.

கிரகப்பிரவேசம் முடிந்த மறுநாள் திருவண்ணாமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பேருந்து. மூங்கில்துறைப்பட்டு வரும் வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அங்கே ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன டிராக்டர் ஒன்று சாலையின் நடுவில் சக்கரம் பஞ்சராகி நின்றுவிட்டது. அந்தப் பக்கம் மாட்டு வண்டிகள், இந்தப் பக்கம் நாங்கள். சிங்கப்பூரில் ரயில் சற்று நின்றாலே நாலு மொழியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. மொத்தப் பேருந்தும் இறங்கிப் போய்க் கரும்பை உருவிக்கொண்டிருந்தது.

டிராக்டர்காரர் ஜாக்கியைப் போட்டுக்கொண்டே கத்தினார்: “உருவிக்கோங்க, வாணான்னு சொல்லல. அடியில இருக்கறத உருவாதீங்க. மேல இருக்கற லோடு சரிஞ்சு என் மேல வுழுந்துடும்!”

எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. மேல்தாடையில் எனக்குக் கட்டிய பல் ஒன்று உண்டு. அதன் மேல் ஒரு கண்ணும் மடியில் இருந்த அட்டைப்பெட்டி மேல் ஒரு கண்ணுமாகக் கரும்பைக் கடித்தேன். அப்படிப்பட்ட இனிப்பை நான் பாட்டிலில் அடைத்து விற்கும் எந்தக் கரும்புச் சாற்றிலும் கண்டதில்லை.

கள்ளக்குறிச்சியில் இறங்கியபோது மத்தியானம். பேருந்து நிலையத்துக்கு எதிரே பிரியாணிக் கடை. தேக்சாவைத் திறந்த வாசனை சாலையைத் தாண்டி வந்து என்னைக் கூப்பிட்டது. பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு கடை தள்ளி இருந்த சைவ மெஸ்ஸுக்குள் நுழைந்தேன். மனசுக்குள் கோவிந்தராஜைத் திட்டினேன்.

தரையில் வைக்கக் கூடாதே என்று எதிர் நாற்காலியில் பெட்டியை வைத்து, காற்றோட்டத்துக்காகத் திறந்தும் வைத்தேன். பரிமாறியவர் ஆள் வரப்போகிறது என்று நினைத்து எதிரிலும் ஓர் இலை போட்டுவிட்டார். அப்போது கண்ணாடி போட்ட ஒருவர், “இங்க ஆள் வருதுங்களா?” என்று கேட்டார்.

“ஆள் இருக்கிறார்” என்றேன்.

குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை. கேட்டால் பேர் இளவழகன், கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியர். “மேடம், இது இன்னா தெரியுங்களா? கற்காலக் கோடரி! இரும்பே இல்லாத காலத்துல ஒரு மனுஷன் குந்தி மாசக்கணக்கா தேச்சு வழவழப்பாக்கியிருக்கான். பாருங்க இந்த வெட்டு வாய” என்றார். மலாய் அம்மாவும் முதல் பார்வையிலேயே கோடரி என்று சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அதற்கு அவர் எந்தக் கல்லூரியிலும் படித்திருக்க மாட்டார்.

இலையில் விழுந்த சாம்பார் ஆறிப்போகும் வரை பேராசிரியர் பேசினார். மலையில் இந்த மாதிரிக் கற்கள் கிடைக்கின்றன என்று கேள்விப்பட்டிருக்கிறார். ஆனால் கண்டெடுத்தவர்கள் மரத்தடியில் வைத்துச் சாமியாக்கிவிடுகிறார்கள், வெளியாளைத் தொட விடுவதில்லை. இப்படி ஒன்று அவர் கைக்கெட்டும் தூரத்தில் வந்ததே இல்லை.

“இது மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்க வேண்டியது மேடம்.”

“மரத்தடியில் இல்லாவிட்டால் ஒரு கல்யாணம் நின்றுவிடும், சார்.”

“கல்யாணம் எப்ப வேணா பண்ணிக்கலாம். பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குதில்ல? மழையில நனையும், வெய்யில்ல காயும். எண்ணெய ஊத்துவாங்க. சின்னக் கீறல் வுழுந்தாலும் போச்சு.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் வீட்டுப் பெண்ணாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் பண்ணிக்கலாம் என்பீர்களா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு மோர் கேட்டார். பிறகு மெதுவாக, நாளைக்கு நானும் உங்களோடு மலைக்கு வரட்டுமா, வழியெல்லாம் எனக்குத் தெரியும், அங்கே வைக்கும் முன் ஒரு தடவை அளந்து படம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு வழி தெரியாது. சரி என்றேன்.

மறுநாள் காலை வெள்ளிமலைப் பேருந்தில் நிற்கத்தான் இடம். வடக்கனந்தலில் ஏறிய அம்மா ஒருவர் என் கையிலிருந்த பெட்டியைத் தட்டி, “இன்னாம்மா இது, கேக்கா?” என்றார். பிள்ளையார் என்றேன். அவ்வளவுதான், பேருந்து முழுக்கச் செய்தி பரவிவிட்டது. மூன்று பேர் உட்கார்ந்திருந்த சீட்டில் ஒருவர் எழுந்து, “சாமி எத்தினி நேரம் நின்னுக்கினு வரும்? குந்த வைங்க” என்றார். பெட்டியை அங்கே வைத்தேன். நான் நின்றுகொண்டே வந்தேன்.

கண்டக்டர் வந்து பிள்ளையாரைப் பார்த்து, தன் தோள்பையைப் பார்த்து யோசித்தார். “லக்கேஜுன்னா டிக்கெட்டு போடணும். சாமின்னா போடக்கூடாது. மேல போய் ஒண்ணு ஆச்சுன்னா என்னக் கேப்பாங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார்.

மலையேறும் சாலையில் பேருந்து வளைந்து வளைந்து போனது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கத்து ஜனம் மொத்தமும் மறுபக்கத்து மடியில் போய் விழுந்தது. யாரும் எதுவும் நினைத்துக்கொள்ளவில்லை. சிங்கப்பூரில் தோள் பட்டாலே நாலு தரம் ‘சாரி’ சொல்ல வேண்டும். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது. பேராசிரியர் மட்டும் பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்து அணைத்தபடியே வந்தார். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அதைப் பார்த்துக் கொஞ்சம் குறைந்தது.

வெள்ளிமலையிலிருந்து கோவிந்தராஜின் ஊருக்கு ஜீப். ஓட்டுநர் முருகேசன் நல்ல மாதிரி. ஏறும் முன் ஜாக்கிரதையாக, “ஹேண்ட் பிரேக் இருக்கிறதா தம்பி?” என்று கேட்டேன்.

“இருந்துச்சுங்க.”

மேடு வந்தால் யாராவது இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைப்பார்களாம், அதனால் ஒன்றும் ஆகாது என்றார். பின்னால் நானும் பேராசிரியரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஊர் நெருங்குகிறது, இனி சமயம் கிடைக்காது என்று பேராசிரியர் பெட்டியிலிருந்து கல்லை எடுத்து மடியில் வைத்து, ஸ்கேலால் அளக்க ஆரம்பித்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் வெளிச்சம் எந்தக் கோணத்தில் விழ வேண்டும் என்பது வரைக்கும் விளக்கிக்கொண்டு வந்தார்.

செங்குத்தான ஒரு மேட்டில், எதிரே மரவள்ளி ஏற்றிய டிராக்டர் இறங்கி வந்தது. முருகேசன் ஒதுக்கி நிறுத்தினார். ஜீப் நிற்கவில்லை. மெல்லப் பின்னால் நகர ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தேன். சாலை ஓரம், அப்புறம் பள்ளம், அப்புறம் ஒன்றும் இல்லை.

“கல்லு! கல்லு வைங்க சார்! சீக்கிரம்!” என்று முருகேசன் அலறினார்.

பேராசிரியர் குதித்தார். அந்த வயதில் அந்த வேகம் நான் எதிர்பார்க்கவே இல்லை. குனிந்தார், சக்கரத்துக்கு அடியில் கல்லைச் சொருகினார். ‘ணங்’ என்று ஒரு சத்தம். ஜீப் நின்றது.

நானும் இறங்கிப் போய் அவர் முதுகைத் தட்டி, நல்ல வேளை சார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அசையாமல் நின்று தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் சக்கரத்தைப் பார்த்தேன். பொட்டு வைத்த பக்கம் மேலே தெரிய, டயருக்கு அடியில் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார்.

முருகேசன் வேறு கல் வைத்து முட்டுக்கொடுத்த பிறகு அவரை வெளியே எடுத்தோம். கூரான வாயின் ஒரு மூலையில் நகக்கண் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது.

“நேற்று முழுக்கப் பாதுகாப்பு பாதுகாப்பு என்று உயிரை வாங்கினீர்களே!” என்று கத்தினேன்.

“அவர் கல்லுன்னு கத்துனார் மேடம். கையில கல்லு இருந்துச்சு” என்றார் பேராசிரியர். சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பிறகு மண்ணில் தவழ்ந்து தேடி, பெயர்ந்த சில்லைக் கண்டுபிடித்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

முருகேசன் மெல்ல, “மூலை ஒடஞ்சு பின்னமாயிடுச்சுங்களே. பின்னமான சாமிய வெக்கமாட்டாங்களே” என்றார். கடல் தாண்டி, சுங்கம் தாண்டி, பிரியாணிக் கடையைக் கூடத் தாண்டி வந்துவிட்டு இங்கே வந்து இப்படியா என்று அழுகை வந்தது. அங்கே சிங்கப்பூரில் ஒருவன் லாரி ஓட்டுகிற ஒவ்வொரு சிக்னலிலும் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். சந்தனத்தைக் கெட்டியாக அப்பி மறைத்துவிடலாமா என்றுகூடக் கேட்டேன்.

“வெக்கிறதுக்கு முன்ன தண்ணி ஊத்தி கழுவுவாங்க. தெரிஞ்சுடும்” என்றார் முருகேசன்.

கோவிந்தராஜின் அப்பா சடையன் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். எதுவும் பேச விடவில்லை. “தூரத்துலேர்ந்து வந்துகிறீங்க, மொதல்ல சாப்புடுங்க” என்று சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். குற்ற உணர்ச்சியில் தொண்டையில் இறங்காது என்று நினைத்தேன். இறங்கியது. சாமை உதிரி உதிரியாக, குழம்பு காரமும் புளிப்பும் அளவாக இருந்தது. மூன்றாவது தரம் போட்டுக்கொண்டபோது பேராசிரியர் என்னைப் பார்த்தார். பதிலுக்கு நான் அவரைப் பார்த்த பார்வையில் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

மரம் ஊருக்கு வெளியே சாமைக் காட்டை ஒட்டி இருந்தது. அடியில் எண்ணெயும் மஞ்சளும் ஊறிக் கறுத்த கற்கள் குவியலாக இருந்தன. எல்லாம் நம் பிள்ளையார் ஜாடை. கொத்தும்போதும் உழும்போதும் யார் யாரோ கண்டெடுத்துக் கொண்டுவந்து வைத்தவை. பேராசிரியர் தன் சோகத்தைச் சுத்தமாக மறந்துவிட்டார். “மேடம், இங்க ஒரு மியூசியமே இருக்குது” என்று வாயைப் பிளந்தபடி ஓர் எட்டு வைத்தார்.

“சார், செருப்பு” என்றது ஒரு குரல். பெரியண்ணன். நெடுநெடுவென்று உயரம், தோளில் பச்சைத் துண்டு, கையில் சொம்புத் தண்ணீர்.

சொல்லாமல் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பேராசிரியர் கையைக் கட்டிக்கொண்டு, “நாந்தாங்க வெச்சேன்” என்றார். பெரியண்ணன் கல்லைக் கழுவினார். மூலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அங்கே கூடியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“பின்னம்” என்றார். “இத்த இங்க வெக்க முடியாது. ஆத்துல வுட்டுடணும். சடையனுக்கு இன்னொரு கல்லு கெடச்சா, அப்ப கல்யாணத்த பத்திப் பேசலாம்.”

“இந்த ஒரு கல்லு கெடைக்கறதுக்கே நான் ஆயுசு பூரா கொத்திகினு கெடந்தேன் சம்பந்தி! இன்னொண்ணு கெடைக்கறதுக்குள்ள எம்மவன் கெழவனாயிடுவான்!” என்றார் சடையன்.

அப்போது பின்னால் வரப்பு மேலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. “எந்தப் புள்ளையாருக்கு ரெண்டு கொம்பும் முழுசா இருக்குது?”

திரும்பினோம். தலையில் சாமைத் தாள் கட்டோடு ஒரு பெண் நின்றாள். கேட்காமலே மல்லிகா என்று தெரிந்தது.

“நீ இன்னாத்துக்கு இங்க வந்த?” என்றார் பெரியண்ணன்.

“கட்ட எடுத்துக்கினு போற வழி இதான் மாமா. நீயே சொல்லு. படத்துல பாரு, கோயில்ல பாரு, அவருக்கு ஒரு கொம்பு ஒடஞ்சுதான இருக்குது? ஒடஞ்ச கொம்போட ஊரே கும்புடுது. இங்க மட்டும் இன்னா பின்னம்?”

கூட்டத்தில் ஓர் அம்மா, அதானே என்றார். முருகேசனும் அதானே என்றார். பேராசிரியர் கடைசியாக, மிகத் தாழ்ந்த குரலில் அதானே என்றார். ஆனால் பெரியண்ணன் அவ்வளவு லேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

“நீ சொல்றது, நான் சொல்றது ரெண்டும் வாணாம். அவரே சொல்லட்டும்.”

ஈரக் கல்லை நிமிர்த்தி வைத்து, உச்சியில் ஒரு வெள்ளை அரளிப் பூவை ஒட்ட வைத்தார். வலது பக்கம் விழுந்தால் சாமிக்குச் சம்மதம். இடது பக்கம் விழுந்தால் ஆற்றில் விட்டுவிட வேண்டும். எல்லோரும் பூவையே பார்த்துக்கொண்டு நின்றோம். பூ விழவில்லை. காற்றே இல்லை. பேராசிரியருக்குத் தும்மல் வந்தது. இரண்டு கையாலும் மூக்கைப் பொத்தி அதை உள்ளேயே அடக்கியதில் அவர் முகம் சிவந்துபோயிற்று. சடையன் உதடு என்னவோ முணுமுணுத்தது. நான் வேண்டிக்கொண்டது எந்தச் சாமியை என்று கேட்டால் தெரியாது.

மல்லிகா வரப்பிலிருந்து இறங்கி வந்தாள். மரத்துக்கு வலது பக்கமாக நின்று, “கழுத்து வலிக்குது மாமா” என்று சொல்லிக்கொண்டே தலைக் கட்டைத் தூக்கித் தொப்பென்று தரையில் போட்டாள்.

பூ வலது பக்கம் விழுந்தது.

பெரியண்ணன் பூவைப் பார்த்தார். கட்டைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று அவரையே பார்த்தோம்.

“வுழுந்துடுச்சு” என்றார் அவர். முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்ததைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

பிள்ளையாரைக் குவியலின் நடுவில் உட்கார வைத்து எண்ணெய் ஊற்றினார். சடையன் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பேராசிரியர் தயங்கித் தயங்கி வந்து, படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

“புடிச்சுக்கோங்க. ஆனா எதையும் கையில எடுக்க வாணாம். ஒங்க கை சரியில்ல.”

பேராசிரியர் அதை ஒப்புக்கொண்டார். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துச் சில்லை நீட்டினார். பெரியண்ணன் அதை வாங்கிக்கொள்ளவில்லை. “கொம்ப ஒடைச்சுத்தான் அவரு எழுதுனாரு. நீங்களும் எழுதிப் படிச்சவரு. கொம்பு ஒங்ககிட்டயே இருக்கட்டும்” என்றார். பேராசிரியர் சில்லை மறுபடி முடிந்து சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கண்ணாடிப் பெட்டியைப் பற்றிப் பேசவே இல்லை.

தினக் காலண்டரைக் கொண்டு வந்து அங்கேயே தேதி குறித்தார்கள். மாசியின் கடைசி முகூர்த்தம். எல்லோருக்கும் திருப்தி. எனக்கு மட்டும் இல்லை. முகூர்த்த நாள் எல்லா ஊருக்கும் முகூர்த்த நாள்தான். அதே நாளில் சிங்கப்பூரில் இந்த வருஷத்தின் பெரிய கல்யாண ஆர்டர் எனக்கு. லாரி ஓட்டக் கோவிந்தராஜை விட்டால் ஆள் கிடையாது. கூட்டத்தில் அதை எப்படிச் சொல்வது என்று புரியாமல் விழித்தேன்.

போனுக்குச் சிக்னல் கிடைக்கும் இடம் பக்கத்துப் பாறை மேல் மட்டும்தான். எல்லோரும் அதில் ஏறினோம். முதல் மணியிலேயே கோவிந்தராஜ் எடுத்தான். திரையில் லாரி ஸ்டீரிங்கும் பாதி முகமும் தெரிந்தன. நான் பேசுவதற்குள் மல்லிகா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

“புள்ளையாரு வூடு வந்து சேந்துட்டாரு. மாசிக் கடைசியில தேதி. நீ எப்ப வர்ற?”

திரையில் கோவிந்தராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு, “அக்காவக் கேளு” என்றான்.

மல்லிகா போனைத் தாழ்த்தி என்னைப் பார்த்தாள். பெரியண்ணனும் சடையனும் பேராசிரியரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹேண்ட் பிரேக் இல்லாத ஜீப்பை ஓட்டி வந்த முருகேசன் கூடப் பார்த்தார். என் ஆர்டர், என் அட்வான்ஸ், என் கஸ்டமர் என்று நாக்கு நுனி வரை வந்த எல்லாவற்றையும் விழுங்கினேன்.

“இந்த வாரமே டிக்கெட் போடச் சொல்கிறேன். வரவும் போகவும் சேர்த்து என் செலவு” என்றேன்.

மல்லிகா சிரித்தாள். அன்று முழுக்க அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

“வர்றதுக்கு மட்டும் போடுங்க அக்கா” என்றாள். “திரும்பிப் போறத அவரும் நானும் பேசிக்கினு சொல்றோம்.”

லாரி ஓட்ட ஆள் போய்விடுமோ என்று வயிறு எரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சரி என்றேன்.